மூங்கில் பேனாவும் டிஜிட்டல் அச்சும்

காளஹஸ்தியின் கலம்காரி ஓவியத்தை இன்று இயந்திரம் நிமிடங்களில் நகலெடுத்துவிடுகிறது. தொழில்நுட்பம் வளர்ந்தால் கலையின் தரமும் வளருமா? எதை வைத்து அளப்பது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

திருப்பதியில் ஜவுளிக் கடைகளுக்குக் குறைவில்லை. மலையிலிருந்து இறங்கும் பக்தர்களில் பலர் லட்டுப் பையோடு ஒரு துணிப் பையையும் தூக்கிக்கொண்டுதான் ரயிலேறுகிறார்கள். கலம்காரிப் புடவை தேடுகிறவர்கள் முன் இரண்டு ரகங்கள் விரியும். இரண்டிலும் அதே மயில், அதே கொடி, அதே பெரிய கண்களுடைய தேவதை. மண்சிவப்பு, கறுப்பு, கடுகு மஞ்சள், மங்கிய நீலம் என்று நிறங்களும் அவையே. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போலப் பல மடங்கு. விலை குறைந்தது இயந்திரத்தில் அச்சானது. விலை கூடியது, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் காளஹஸ்தியில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து மூங்கில் பேனாவால் வாரக்கணக்கில் வரைந்தது.

வாங்க வந்தவர் குழம்புவதில் நியாயம் இருக்கிறது. அச்சுப் புடவையில் கோடுகள் பிசிறில்லாமல் ஓடுகின்றன. நிறம் முந்தானை முதல் உள்முனை வரை ஒரே சீராக இருக்கிறது. துவைப்பதும் எளிது. கையால் வரைந்த புடவையிலோ ஒரு மயிலின் கழுத்து இன்னொன்றைவிடச் சற்றுத் தடித்திருக்கிறது. சிவப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் வேறோரிடத்தில் வெளிறியும் நிற்கிறது. தனியாக, மெதுவாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வேறு. சீர், உறுதி, விலை என்ற மூன்றிலும் இயந்திரம் முந்தும்போது, பழைய பேனாவுக்கு ஏன் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டும்?

"அது கலை, இது சரக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. "உலகம் முன்னேறிவிட்டது, இன்னும் மூங்கில் குச்சியா?" என்று சிரிப்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் கலம்காரியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் தங்கள் வாதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடுக்காயும் எருமைப் பாலும்

தமிழர்களுக்குக் காளஹஸ்தி கண்ணப்ப நாயனாரின் திருக்காளத்தி. ஊரை ஒட்டி ஓடும் சுவர்ணமுகிதான் தேவாரம் அறிந்தவர்களின் பொன்முகலி. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், ஆந்திர மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. கோயில் இருக்கும் இடத்தில் தேர் இருக்கும்; தேர் இருந்தால் அதை அலங்கரிக்கத் துணி வேண்டும். ராமாயண, மகாபாரதக் கதைகளைக் கட்டம் கட்டமாக வரைந்த திரைச்சீலைகளும் விதானங்களும்தான் இங்கே வளர்ந்த கலம்காரியின் மூல வடிவம். பாரசீகத்தில் 'கலம்' என்றால் பேனா; 'காரி' என்றால் வேலை. பெயரிலேயே பேனா இருக்கிறது.

செய்முறையைப் பார்த்தால் அது ஓவியக்கூடமா, ரசாயனக்கூடமா என்ற சந்தேகம் எழும். முதலில் காடாத் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள் துணியில் ஏறுகிறது. பாலில் உள்ள கொழுப்பு, பின்னால் வரையப்போகும் மை பரவாமல் தடுக்கிறது. எரித்த புளியங்குச்சிக் கரியால் உருவத்தைக் கோடிட்டுக்கொள்கிறார்கள். பிறகுதான் பேனா. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, முனைக்குச் சற்று மேலே கம்பளியோ துணியோ பொதியாகச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். அந்தப் பொதிதான் மைக்கூடு. விரலால் அழுத்த அழுத்த மை முனைக்கு இறங்கும்.

கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். இந்த நீர் தன்னளவில் கரிய மை அல்ல. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும்தான் இரும்பும் துவர்ப்பும் கூடிக் கறுக்கிறது. சிவப்பின் கதை இன்னும் நுட்பமானது. சிவப்பு வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலைப் பூசுகிறார்கள். துணியை நீரில் அலசி, வேர்ச் சாயம் கலந்த கொப்பரையில் கொதிக்கவைக்கிறார்கள். முழுத் துணியும் சாயத்தில் மூழ்கினாலும் படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு நிலைக்கும். மற்ற இடங்களில் ஒட்டிய மங்கல் சாணக் கரைசலிலும் வெயிலிலும் வெளுத்துப்போகும். மஞ்சள், நீலம், இரண்டும் சேர்ந்த பச்சை எல்லாம் அதன் பிறகு. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே அலசல், உலர்த்தல். அதனால்தான் ஆற்று நீர் இந்தத் தொழிலின் பாதி முதலீடு. சுவர்ணமுகியோ மழையை நம்பி ஓடும் ஆறு.

இந்த வரிசையில் ஒரு படி தவறினாலும் நிறம் ஏறாது. பேனா பிடிப்பவருக்குக் கை மட்டும் போதாது. எந்தப் பொருள் எதனோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்ற அறிவும் வேண்டும். இதைத் தொழில்நுட்பம் என்று அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது?

பழசு புதுசாக இருந்த காலம்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் உலகின் மிக நவீனமான துணித் தொழில்நுட்பம் இதுதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வண்ணத் துணிகள் ஐரோப்பாவைக் கலக்கின. அங்கே அப்போது துணியில் தீட்டிய சாயம் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடியது. இந்தியத் துணியோ துவைக்கத் துவைக்க மெருகேறியது. சீமாட்டிகள் முதல் வேலைக்காரப் பெண்கள் வரை அதையே உடுத்தத் தொடங்கியதும் உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1686இல் பிரான்ஸ் இந்த வண்ணத் துணிகளுக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1701லும் 1722லும் நடைமுறைக்கு வந்த சட்டங்களால் படிப்படியாகக் கதவடைத்தது. ஐரோப்பியத் தொழிலைக் காப்பாற்ற இந்தியத் தொழில்நுட்பத்துக்குத் தடை விதித்த காலம் அது.

தடையோடு நிற்காமல் ரகசியத்தைத் தெரிந்துகொள்ளவும் முயன்றார்கள். 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஓவியத்துணி தயாராவதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுகளோடு கூடிய கையெழுத்துப் பிரதி இன்றும் பாரிசில் இருக்கிறது. 1742இல் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், மதம் மாறிய சாயத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்த செய்முறையைக் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். இன்றைய மொழியில் இதற்குத் தொழில் உளவு என்று பெயர்.

அந்தக் குறிப்புகளில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. ஓவியர்கள் எல்லாவற்றையும் மனத்திலிருந்து வரையவில்லை. காகிதத்தில் வரைந்த மாதிரியின் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, துணி மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டி, விழுந்த புள்ளிகளை இணைத்தும் வரைந்தார்கள். நகலெடுக்கும் உத்தி அன்றே இருந்தது. எனவே "அன்று எல்லாம் கைத்திறன், இன்று எல்லாம் நகல்" என்று பெருமூச்சு விடுவது வரலாற்றுக்கு ஒத்துவராது. மசூலிப்பட்டினத்துப் பக்கம் வளர்ந்த இன்னொரு வகைக் கலம்காரியில் பேனாவைவிட மர அச்சுக்கட்டைக்கே முக்கிய இடம். அங்கே பெயரில் மட்டும் பேனா தங்கிவிட்டது.

பழைய முறை குறையே இல்லாதது என்பதும் உண்மையல்ல. அருங்காட்சியகங்களில் உள்ள 200, 300 ஆண்டு பழைய துணிகளில் இலைகள் நீலமாகத் தெரிவதைப் பார்க்கலாம். ஓவியர் நீல இலை வரையவில்லை. நீலத்தின் மேல் மஞ்சள் பூசிப் பச்சையாக்கியிருந்தார். வெளிச்சத்தில் மஞ்சள் மங்கிப்போக நீலம் மட்டும் மிஞ்சியது. கறுப்புக் கோடுகள் ஓடிய இடங்களில் துணியே இற்றுப்போயிருப்பதும் உண்டு. இரும்பு கலந்த மை காலப்போக்கில் பஞ்சிழையை அரித்துவிடும். பாரம்பரியம் என்ற பெயருக்காக இந்த இரண்டையும் குறையல்ல என்று சொல்லிவிட முடியாது.

சாயத்தின் பரீட்சை

1856இல் லண்டனில் 18 வயது மாணவர் வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான கொய்னா மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்று தோற்றார். தோல்வியில் கிடைத்தது ஊதா நிறச் சாயம். நிலக்கரித் தாரிலிருந்து வண்ணங்கள் பிறக்கத் தொடங்கின. 1868இல் ஜெர்மனியில் கிரேப, லீபர்மான் என்ற இரு வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். நம் கடற்கரை மணலில் தோண்டிய சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அதே பொருள்தான் அலிசரின். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. இந்திய அவுரி சாகுபடி சரிந்தது.

புதிய சாயங்கள் பழையவற்றைவிட மேலானவையா? தொடக்கத்தில் இல்லை. பளிச்சென்று கண்ணைப் பறித்த முதல் தலைமுறைச் சாயங்களில் பல, வெயிலிலும் சலவையிலும் சீக்கிரமே வெளுத்தன. இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ் 1870களில் லீக் என்ற ஊரின் சாயப்பட்டறைக்குப் போய், கைகளை நீலமாக்கிக்கொண்டு அவுரிக்கும் வேர்ச் சாயத்துக்கும் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வேதியியல் அங்கேயே நின்றுவிடவில்லை. 1901இல் ஜெர்மனியில் உருவான இண்டாந்திரீன் வகைச் சாயங்கள், உறுதியில் பெரும்பாலான தாவரச் சாயங்களைத் தோற்கடித்தன. 'புதுசு' என்ற ஒரே சொல்லுக்குள் மோசமான சாயமும் அபாரமான சாயமும் இருந்தன.

இந்த உறுதியை அளக்க உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல்கள் உள்ளன. வெளிச்சத்தைத் தாங்கும் திறனுக்கு 1 முதல் 8 வரை மதிப்பெண். சலவையைத் தாங்கும் திறனுக்கு 1 முதல் 5 வரை. இந்தப் பரீட்சையில் யார் மனச்சாய்வுக்கும் இடமில்லை. நல்ல சாயத்தில் அச்சிட்ட துணி, கடுக்காய்ப் பூ மஞ்சளை இதில் சுலபமாக வென்றுவிடும்.

ஆனால் பரீட்சைத் தாளில் இல்லாத கேள்விகளும் உண்டு. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்பதால் சில அசோ சாயங்களுக்கு 1994இல் ஜெர்மனி கட்டுப்பாடு விதித்தது. இந்தியாவும் 112 சாயங்களைத் தடை செய்தது. அதுவரை அவையும் 'மேம்பட்ட' சாயங்கள்தாம். நொய்யல் ஆற்றை நிறம் மாற்றிய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பனியனின் நிறம் எவ்வளவு நாள் நிற்கும் என்று அளந்தவர்கள், ஆற்றின் நிறம் எப்போது திரும்பும் என்று அளக்கவில்லை. அளவுகோலை மாற்றினால் வெற்றி தோல்வியும் மாறிவிடுகிறது.

காளஹஸ்தியும் வேதியியலுக்கு முழுதாகக் கதவடைத்த ஊர் அல்ல. சிவப்புக்குச் செயற்கை அலிசரினைப் பயன்படுத்துவது கலம்காரி உலகத்தில் பழகிப்போன விஷயம். வேரில் இருக்கும் அதே மூலக்கூறு என்பதால் இதைத் துரோகம் என்று சொல்வதும் கடினம். கோடு வரைந்த கை மாறவில்லை.

நகரியின் நியாயம்

இயந்திரத்தின் பக்கத்து நியாயத்தைப் பார்க்கக் காளஹஸ்தியிலிருந்து தெற்கே வர வேண்டும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் பகுதிகள் விசைத்தறிக்குப் பெயர்போனவை. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் இந்த ஊர்களின் தெருக்களில் நடந்தால் தறிகளின் ஓசைதான் துணைக்கு வரும். கைத்தறியைப் பாதுகாக்க 1985இல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. பின்னர் அவை 11ஆகக் குறைக்கப்பட்டன. விசைத்தறியின் வேகம் அப்படி.

இங்கே நெய்யப்படும் துணி கைத்தறியைவிட மட்டம் என்று ஒரு சொல்லில் ஒதுக்க முடியாது. மலிவான, சீரான, நாள்பட உழைக்கும் துணி ஏழை வீட்டுக் கொடியில் தொங்குவதற்கு விசைத்தறியும் ஆலைகளும்தான் காரணம். மாற்றுத் துணி இல்லாமல் ஒரே புடவையைப் பாதி உடுத்திப் பாதி உலர்த்திய காலம் இந்த நாட்டில் வெகு தொலைவில் இல்லை. அந்தப் பெண்ணிடம் போய்க் கையால் செய்ததன் அழகைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

துணி என்ற பொருளுக்கு நியாயமான கேள்விகள்: உடம்பை மூடுகிறதா, எத்தனை நாள் வரும், என்ன விலை? இவற்றில் ஒவ்வொன்றுக்கும் புதிய தொழில்நுட்பம் மேலான பதிலைத் தந்திருக்கிறது. அதை மறுப்பவர் தம் பீரோவைத் திறந்து பார்த்தால் போதும். ஆனால் ஓவியத்திடம் நாம் கேட்பது வேறு. அனுமன் இலங்கையை எரிக்கும் காட்சியில் வால் எந்தப் பக்கம் வளைய வேண்டும்? ராவணனின் பத்து முகங்களில் எந்த முகம் கோபப்பட வேண்டும்? கட்டத்தின் மூலையில் மிஞ்சிய இடத்தை மரத்தால் நிரப்புவதா, கிளியால் நிரப்புவதா? இவற்றை முடிவு செய்வது வரைபவர். டிஜிட்டல் இயந்திரம் ஓவியத்தை ஸ்கேன் செய்து கோட்டின் நடுக்கம் உட்பட அப்படியே படியெடுக்கும். ஏற்கெனவே ஒருவர் எடுத்த முடிவை அது ஆயிரம் தடவை திருப்பிச் சொல்கிறது. அதன் அச்சு சிறப்பாக இருப்பதும் மட்டமாக இருப்பதும் மூல ஓவியத்தைப் பொறுத்தது. நல்ல ஓவியத்தை நன்றாகவும், மோசமான ஓவியத்தையும் அதே அளவு நன்றாகவும் அச்சிடும் திறமை அதற்கு உண்டு.

செப்பேட்டில் இல்லாத மெட்டு

தொழில்நுட்பம் எதைக் காப்பாற்றும், எதை விட்டுவிடும் என்பதற்குத் திருமலையிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் 32,000 கீர்த்தனங்கள் பாடினார் என்பது மரபு. ஓலைச்சுவடி செல்லரிக்கும் என்பதால் அவருடைய வழிவந்தவர்கள் அன்று கிடைத்த மிக உறுதியான ஊடகத்தை நாடினார்கள். பாடல்கள் செப்பேடுகளில் வெட்டப்பட்டுக் கோயிலுக்குள் தனி அறையில் வைக்கப்பட்டன. ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்ட அந்த ஏடுகள் 1922இல் வெளியே வந்தன. சாது சுப்ரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்களின் உழைப்பில் அச்சேறின. ஏடுகள் இரண்டாயிரத்துக்கும் மேல். கிடைத்த பாடல்கள், மரபு சொல்லும் எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவு.

செம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. நானூறு ஆண்டு கழித்தும் எழுத்துக்கள் படிக்கும்படி இருந்தன. ஆனால் ஏடுகளில் ராகத்தின் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. பாட்டை எழுத்தாகப் பார்த்தால் அன்றைய தொழில்நுட்பம் முழு வெற்றி. இசையாகப் பார்த்தால் பாதித் தோல்வி. மெட்டு பாடுகிறவர்களின் தொண்டையில் இருந்தது. பாடுவது நின்றதும் பெரும்பகுதி போய்விட்டது. 20ஆம் நூற்றாண்டில் அந்தப் பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைக்க வேண்டியிருந்தது. 1980ஐ ஒட்டி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடித் திருப்பதி தேவஸ்தானத்துக்காக வெளிவந்த பாலாஜி பஞ்சரத்னமாலா இசைத்தட்டுகளில் ஒலிப்பது நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற வித்வான்கள் நம் காலத்தில் போட்ட மெட்டுகள்தாம்.

அந்த இசைத்தட்டு பிறகு கேசட் ஆனது, குறுந்தகடு ஆனது, இப்போது கைபேசியில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று மேம்பட்டது: இரைச்சல் குறைந்தது, விலை குறைந்தது, நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போடும் வேலை ஒழிந்தது. எம்.எஸ். பாடிய பாட்டு மட்டும் அன்று எப்படியோ இன்றும் அப்படியே. அதைவிட மேலான ஒன்று வேண்டுமானால் இன்னொருவர் உட்கார்ந்து பாடித்தான் ஆக வேண்டும்.

பெயரில் இருக்கும் வம்பு

கலம்காரிக்கும் இதே நிலைதான். தொழில் தேய்ந்துகொண்டிருந்த 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயா போன்றவர்கள் முயற்சி எடுக்க, காளஹஸ்தியில் பயிற்சி மையம் தொடங்கியது. மிஞ்சியிருந்த சில கலைஞர்களிடமிருந்து அடுத்த தலைமுறை பேனா பிடிக்கக் கற்றது. அந்த மறுமலர்ச்சியின் முக்கிய முகமான ஜொன்னலகட்டா குருப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோயில் திரைச்சீலையாக இருந்த கலை, புடவைக்கும் துப்பட்டாவுக்கும் சுவர்ப்படத்துக்கும் இறங்கிவந்தது. ஆண்களின் தொழிலாக இருந்ததில் பெண்கள் ஏராளமாக வந்தார்கள். அனிதா ரெட்டி தொடங்கிய 'துவாரகா' போன்ற அமைப்புகள் அவர்களுக்குச் சந்தையைக் காட்டின. மரபும் அசையாமல் நிற்கவில்லை.

இயந்திரம் வந்ததால் மட்டும் இவர்களுக்குப் பெரிய அடி விழவில்லை. இயந்திரத் துணி இவர்களின் பெயரைப் போட்டுக்கொண்டு வந்ததால்தான் விழுந்தது. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி 2005-06இலேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. தமிழ்நாட்டிலும் தேருக்குத் தொம்பையும் கோயிலுக்கு அஸ்மானகிரியும் வரைந்துவந்த கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் அதே அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் பதிவானது ஊர்ப் பெயரோடு சேர்ந்த முழுப் பெயர். ஊரை விட்டுவிட்டுக் 'கலம்காரி' என்று மட்டும் சொல்லி விற்கிறவரைப் பிடிப்பது அவ்வளவு சுலபமல்ல. 'கலம்காரி டிசைன்', 'கலம்காரி பிரின்ட்' என்று ஒட்டுச்சொல் சேர்த்தால் அது பொய்யும் ஆகாது. வாங்குகிறவர் காதில் விழுவதோ முதல் சொல் மட்டும்தான்.

நிஜத்தைக் கண்டுபிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஒரே உருவம் திரும்ப வரும் இரண்டு இடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கையால் வரைந்ததில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சாயத்தில் கொதித்த துணியின் நிறம் பின்பக்கமும் ஊறியிருக்கும். மேலோட்டமான அச்சு பின்புறம் வெளிறிக் கிடக்கும். கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரே தடிமனாக இருக்காது. பாலும் கடுக்காயும் ஏறிய புதுத் துணிக்கு ஒரு தனி வாடை உண்டு. சிலர் அதைக் குறை என்பார்கள். தெரிந்தவர்கள் அதை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள்.

அச்சுப் புடவை வாங்குவதில் குற்றம் எதுவும் இல்லை. அச்சு என்று தெரிந்து, அச்சின் விலை கொடுத்து, தினசரி உடுத்த வாங்கினால் அது நல்ல பேரம். இயந்திரத்துக்காகவே யோசித்து வரைகிற நல்ல ஓவியர்கள் வந்தால் அச்சுத் துணியிலும் புதிய அழகு பிறக்கும். பேனாக் கோட்டின் பெயரில் விற்றால்தான் கணக்கு தப்பாகிறது. அப்போது மலிவான பொருளுக்குக் கூடுதல் விலையும், கூடுதல் உழைப்புக்குக் குறைந்த விலையும் போய்ச் சேர்கின்றன.

இதன் விளைவு துணிக் கடையில் தெரியாது. வரைபவர்களின் வீட்டில் தெரியும். நல்ல கோடு வரைய ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். அந்த ஆண்டுகளில் பையன் ஒரு கடையிலோ கம்பெனியிலோ சேர்ந்தால் அதைவிட அதிகம் சம்பாதிக்கலாம் என்றால், பேனாவைக் கொடுக்கும் தகப்பனுக்கே தயக்கம் வரும். வண்ணம் நிரப்பும் பெண்ணுக்குக் கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் அவரும் வேறு வேலை தேடுவார். இப்படி ஒவ்வொருவராக விலகினால் கடைசியில் மிஞ்சுவது கணினியில் சேமித்துவைத்த பழைய ஓவியங்கள். அவற்றை எத்தனை கோடி மீட்டர் வேண்டுமானாலும் அச்சிடலாம். புதிதாக ஒரு மயில் வேண்டும் என்று கேட்டால் வரைந்து தரக் காளஹஸ்தியில் ஆள் இருக்க வேண்டும்.